2,029 வெற்றி, ஆனால் பட்டம் இல்லை: மைக் மார்ட்டினை எங்கே வைப்பது?

கேள்வி: ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்கு 1980 முதல் 2019 வரை மைக் மார்ட்டின் ஒருவரே தலைமைப் பயிற்சியாளர். 2,029 வெற்றிகள். ஆனால் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் நடக்கும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸுக்கு (கல்லூரி பேஸ்பாலின் தேசியப் பட்டத்துக்கான இறுதிச்சுற்று) 17 முறை அணியைக் கூட்டிப்போயும் ஒரு தடவைகூடப் பட்டம் கிடைக்கவில்லை. இவர் பெரிய பயிற்சியாளரா?

பதில் 1: பட்டம்தான் கணக்கு என்றால் ராட் டேடோ பக்கத்தில் யாருமே நிற்க முடியாது. அவர் பயிற்சியில் யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்கு 11 பட்டம், அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. சொந்தமாக லாரி கம்பெனி வைத்திருந்த மனிதர், பெயருக்கு வருடம் ஒரு டாலர்தான் சம்பளம்!

பதில் 2: மார்ட்டின் 40 சீசனிலும் அணியை என்சிஏஏ தொடருக்கு (ஒமாஹாவுக்குத் தகுதி பெற ஆடும் தேசியத் தொடர்) கொண்டுபோனாரே, அதை விட்டுவிட்டீர்கள். கல்லூரி அணியில் நன்றாக ஆடுகிற பையனை மூன்றாம் வருடம் முடிந்ததும் எம்எல்பி டிராஃப்ட் (தொழில்முறை பேஸ்பால் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) தூக்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் புதுப் பையன்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒமாஹாவில் இரண்டு ஆட்டம் சறுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்னைக் கேட்டால் டேடோவைவிட இவர் செய்ததுதான் கஷ்டம்.

பதில் 3: சரி, ஆனால் ரசிகனுக்கு வலிக்கத்தான் செய்யும். மார்ட்டினுக்கு அப்புறம் அவர் மகன் பயிற்சியாளராக வந்தார், இருந்தது மூன்றே சீசன்தான்.