"கணித்தார்" சலித்துவிட்டது, வேறு சொல் உண்டா?

மார்த்தாண்டத்துக்காரி:
ஒரு கதையை மொழிபெயர்க்கிறேன். ஒரே பக்கத்தில் "கணித்தார்" ஏழு முறை. ஒருவர் புயலை, ஒருவர் தேர்தலை, ஒரு கிழவி மருமகளின் பிரசவத்தை. எல்லாருக்கும் ஒரே சொல்லா? எங்க பாட்டி தேங்காய் உடைத்துப் பார்ப்பா, அதுக்கென்ன பேரு?

குளச்சல் கரை:
புயலுக்கு முன்னறிவிப்பு. 2017-ல் ஒக்கி புயல் வந்தப்போ நம்ம ஆளுக பலர் ஏற்கெனவே ஆழ்கடல்ல. அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும் மக்கா. தேர்தலுக்கு கணிப்பே போதும்.

தக்கலை வாத்தியார்:
கிழவி குறி சொன்னாள் என்று எழுதும்மா. சோழி பரப்பிப் பார்ப்பது பிரசன்னம். கோயில் காரியமென்றால் தேவபிரசன்னம், மலையாளத்தோடு சேர்ந்த வழக்கு. தீர்க்கதரிசனம் சர்ச்சுக்குத்தான், புயலுக்குப் போட்டால் சிரிப்பார்கள். பாட்டியுடையது நிமித்தம், அதாவது சகுனம் பார்ப்பது. எனக்குப் பிடித்தது விரிச்சி: முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, காதில் விழும் நற்சொல்லுக்காக நிற்பார்கள். கதையில் போட்டால் அடிக்குறிப்பு வேண்டிவரும்.

மார்த்தாண்டத்துக்காரி:
கிழவிக்கு குறி, சரி சார். பாட்டிக்கு "தேங்காய் பார்த்தா"ன்னே விட்டுடறேன். வீட்டில அப்படித்தான் சொல்லுவோம்.