சூசான் கர்தாலியனின் ஆவணப்படங்களை எங்கிருந்து தொடங்குவது?

வெண்ணாற்றங்கரை, திருவாரூர்

அனைவருக்கும் வணக்கம். சம்பா அறுவடை ஓய்ந்ததும் மாசி மாதத்தில் எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் ஆவணப்படத் திரையிடல் ஒன்றை நடத்த இருக்கிறோம். ஆர்மீனியரான சூசான் கர்தாலியனின் படங்களைத் தேர்ந்தெடுத்துள்ளோம். பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் வயல்வேலை செய்யும் பெண்கள். முன்கையில் பச்சை குத்திய பாட்டிமார்களும் அவர்களில் உண்டு என்பதால், பாட்டியின் பச்சைக்குறிகளைப் பற்றிய படத்தையே முதலில் காட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியான தொடக்கமா? அவருடைய வாழ்க்கையைப் பற்றி அறிமுகமாக எவ்வளவு சொன்னால் போதும்?

குடமுருட்டி, பாபநாசம்

தோழர், வாழ்க்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்தாலியன் 1956-இல் பெய்ரூட்டில், ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்கள் மீது நடந்த 1915 இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவர்களின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். பெய்ரூட்டிலும் பாரிஸிலும் இதழியல் பயின்று, 1985 வரை பாரிஸில் பத்திரிகையாளராகப் பணியாற்றிய பின்னரே படத்துறைக்கு வந்தார். அமெரிக்காவின் ஃப்ளெட்சர் கல்லூரியில் பன்னாட்டுச் சட்டமும் ராஜதந்திரமும் படித்து முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறார். பிறகு சுவீடனில் குடியேறி, கணவர் பியோ ஹோல்ம்குவிஸ்டுடன் சேர்ந்து பல படங்களை இயக்கினார். அவர்கள் இருவரும் வேறு இருவருடன் இணைந்து உருவாக்கிய ‘அராரத்துக்குத் திரும்புதல்’, 1988-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான சுவீடனின் குல்ட்பாகே விருதைப் பெற்றது. கதைப்படங்களுக்கே வழக்கமாகப் போகும் அந்த விருது ஓர் ஆவணப்படத்துக்குக் கிடைத்தது சிறிய செய்தி அல்ல.

என் கருத்தில், அவரை எடுத்த வரிசையிலேயே பார்ப்பதுதான் முறை. முதலில் ‘அராரத்’ படத்தில் ஓர் இனத்தின் வரலாறு. அடுத்து, 2005-இல் வந்த ‘எனக்கு நாய்களைப் பிடிக்காது’ படத்தில் பிழைத்து முதுமை எய்திய ஒரே ஒரு மனிதரின் சாட்சியம். அதற்கும் பிறகு, 2011-இல்தான் தன் சொந்தப் பாட்டி. ஊரார் துயரத்தையெல்லாம் படமாக்கியவருக்குத் தன் வீட்டு வாசலுக்குள் கேமராவுடன் நுழைய இருபது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்திருக்கிறது. பாட்டி படத்தை முதலில் காட்டிவிட்டால் இந்தத் தயக்கத்தின் நீளம் பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

விதைநெல், மன்னார்குடி

வரிசை வாதம் படிப்பவர்களுக்குப் பொருந்தும். வயலிலிருந்து கால் கழுவிவிட்டு வருபவர்களுக்கு, சூழலியலாளர் வந்தனா சிவாவைப் பற்றி இந்த இணையர் 2005-இல் எடுத்த ‘புல்ஷிட்’ (மாட்டுச் சாணம்; ஆங்கிலத்தில் வசைச்சொல்லும்கூட) படமே நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். வந்தனா சிவாவை வறுமையை நீடிக்கச் செய்பவர் என்று சாடிய எதிர்ப்பாளர்கள், 2002-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஐ.நா. நிலைத்த வளர்ச்சி மாநாட்டின்போது சாணத்தை வைத்துக் கேலி விருது ஒன்றை அறிவித்தார்கள். படத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. (சாணத்தைக் கொண்டு ஒருவரை அவமதிக்க முடியும் என்று நம்பியவர்கள் மார்கழி மாதத்தில் நம் தெருக்களைப் பார்த்ததில்லை போலும்.) நம்மாழ்வாரும் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமனும் மரபு விதைகளுக்காக உழைத்த மண்ணில், விதைக்குக் காப்புரிமை கோருவதை எதிர்த்தவரின் கதைக்கு முன்னுரையே தேவைப்படாது. ஆர்மீனியாவைத் தாண்டியும் கர்தாலியன் பார்த்திருக்கிறார் என்பதும் இதனால் விளங்கும்.

உப்பங்காற்று, வேதாரண்யம்

பச்சையைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அந்த ஒற்றுமையை நம்பித் தொடங்குவது ஆபத்தானது. நம் பாட்டிமார் குத்திக்கொண்டது அவர்களே விரும்பிக் கேட்டுப் பெற்றது. அகத்தி இலையையும் மஞ்சளையும் துணியில் திரித்து எரித்து எடுத்த கரியைக் குழைத்து, ஊர் ஊராக வந்த குறத்தியர் ஊசியால் குத்துவார்கள். கூலியாக நெல்லோ அரிசியோ அளந்து கொடுப்பார்கள். கோலமா, தேளா என்று தேர்ந்தெடுத்ததை இன்றும் சிரித்தபடியே சொல்வார்கள்.

கர்தாலியனின் பாட்டியான கானுமின் முகத்திலும் கைகளிலும் இருந்த நீலக்குறிகள் அப்படி வந்தவை அல்ல. 1915-க்குப் பின் கடத்தப்பட்டும் விற்கப்பட்டும் பழங்குடிக் கூட்டங்களிடையே வைத்திருக்கப்பட்ட ஆர்மீனியச் சிறுமிகளுக்கும் பெண்களுக்கும், இவர்கள் இன்னாருடையவர்கள் என்பதற்கு அடையாளமாகக் குத்தப்பட்டவை. 1920-களில் அலெப்போவில் டென்மார்க்குக்காரரான கரேன் ஜெப்பே நடத்திய மீட்பு இல்லத்துக்கு 1,000-க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர்; அவர்களைப் பற்றிய பதிவேடுகள் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. மீண்டு வந்த பிறகும் பலர் வாய் திறக்கவில்லை. பேரக்குழந்தையான கர்தாலியனுக்கு அந்தக் குறிகள் அச்சத்தையே தந்தன. வீட்டில் அதைப் பற்றிக் கேட்கவே கூடாது. படத்தின் மையம் அந்த மௌனம்தான்.

ஆகவே, “உங்கள் கையில் இருப்பதைப் போலவே” என்று அறிமுகத்தில் சொல்லிவிடாதீர்கள். படம் முடிந்ததும் வயதான பெண்களிடம் மைக்கை நீட்டுவதும் வேண்டாம். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோன கீழவெண்மணி உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பேசாமல் இருப்பவர்களைப் பற்றி உங்கள் பார்வையாளர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வெண்ணாற்றங்கரை, திருவாரூர்

மிக்க நன்றி. முதல் மாலையில் வந்தனா சிவா படமும், மறுவாரம் பாட்டி படமும் என்று முடிவு செய்துள்ளோம். குடமுருட்டி தோழர் சொன்ன வாழ்க்கைக் குறிப்பு இரண்டாம் மாலைக்கு முன்னுரையாகும். பச்சை என்ற சொல் அதில் இடம்பெறாது. எழுத்தில் ஓடும் வசனங்களைத் தமிழில் உடனுக்குடன் வாசித்துச் சொல்ல, குரல் கணீரென்று இருக்கும் பெண் ஒருவர் வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தாங்கள் வர இயலுமா, அம்மா? பேருந்துச் செலவை வட்டமே ஏற்றுக்கொள்ளும்.