டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்றே வருகிறது: கேபிளில் கோளாறா, கணினியில் கோளாறா?

தூக்கமில்லாதவன்:
பழைய மேசைக்கணினியை 4கே டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஆசை. டிவியில் ஹெச்டிஎம்ஐ போர்ட் மட்டும்தான், மூன்று. கணினியின் பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ இல்லவே இல்லை. நீல விஜிஏ ஒன்று, வெள்ளை டிவிஐ ஒன்று, ஒரு மூலையை வெட்டிவிட்டதுபோல் ஒரு டிஸ்ப்ளேபோர்ட். ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் என்று கேபிள் வாங்கினேன். இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் டிவியில் ‘சிக்னல் இல்லை’. மூன்று போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகியாயிற்று. மானிட்டரில் கணினி ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

சாலிடர்:
இரண்டுமே நல்ல நிலையில் இருக்கலாம். கேபிள் உறையில் எந்தப் பெயர் முதலில் இருக்கிறது? கேபிளில் சின்னதாக யுஎஸ்பி வால் ஏதும் தொங்குகிறதா?

தூக்கமில்லாதவன்:
தொங்குகிறது! எதற்கென்று தெரியாமல் டேப் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறேன். உறையில் ‘ஹெச்டிஎம்ஐ டு டிஸ்ப்ளேபோர்ட்’ என்று இருக்கிறது.

சாலிடர்:
அதுதான் விஷயம். அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. ஹெச்டிஎம்ஐ உள்ள கணினியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் போவதற்கானது. உள்ளே சிக்னலை மாற்றும் சிப் இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கத்தான் அந்த வால். வாலைச் செருகினாலும் உங்களுக்குப் பயனில்லை, திசையே தவறு.

ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் சிக்னலை அனுப்பும் விதமே வேறு. ஆனால் பெரும்பாலான கணினிகளின் டிஸ்ப்ளேபோர்ட், தேவைப்பட்டால் தானே ஹெச்டிஎம்ஐ சிக்னலை அனுப்பும். அப்படிப்பட்ட போர்ட் அருகே இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். அதனால் ‘டிஸ்ப்ளேபோர்ட் டு ஹெச்டிஎம்ஐ’ கேபிள் எளிமையாக இருக்கும். ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மின்னல்:
புதுக் கேபிள் வாங்குமுன் அந்த டிவிஐயை முயன்று பாருங்கள். டிவிஐயும் ஹெச்டிஎம்ஐயும் ஒரே வகை டிஜிட்டல் சிக்னல்தான், நடுவில் சிப் தேவையில்லை. கேபிள் எந்தத் திசையிலும் வேலை செய்யும். பழைய பெட்டியில் டிவிஐ–ஹெச்டிஎம்ஐ கேபிள் கிடக்கிறதா என்று தேடுங்கள். விஜிஏ பக்கம் போகவே வேண்டாம். அது 1987இல் வந்த அனலாக் முறை. மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும், ஒலிக்குத் தனி வயரும் இழுக்க வேண்டும்.

தூக்கமில்லாதவன்:
கேபிள் கிடைத்தது, படமும் வந்துவிட்டது! ஆனால் திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. சத்தமும் இல்லை.

மின்னல்:
ஓரம் வெட்டுவது டிவியின் பழைய பழக்கம், ஓவர்ஸ்கேன் என்பார்கள். டிவியின் பட அளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘1:1’ இப்படி ஏதோ ஒரு பெயரில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். சத்தத்துக்கு, விண்டோஸில் ஒலி வெளியீட்டை டிவிக்கு மாற்றுங்கள். பட்டியலில் டிவியே இல்லையென்றால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு (கணினியில் படத்தை வெளியே அனுப்பும் பாகம்) டிவிஐ வழியாக ஒலி அனுப்பாத ரகம். டிவிஐ விதிமுறையில் ஒலி கிடையாது. சில கார்டுகள் தாமாகச் சேர்த்து அனுப்பும், அவ்வளவுதான்.

தூக்கமில்லாதவன்:
ஓரம் சரியாயிற்று. பட்டியலில் டிவி இல்லை. அப்புறம், 4கே தெரிவும் வரவில்லை. தங்கம் பூசிய விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகுமா?

சாலிடர்:
தங்கத்தால் படம் அழகாகாது. கேபிள் சரியில்லையென்றால் திரையில் புள்ளிகள் மின்னும், அல்லது படம் விட்டுவிட்டு வரும். நிறம் மட்டும் மங்காது. உங்கள் தடை டிவிஐதான். அதன் சாதாரண வகையான சிங்கிள் லிங்க், 60 ஹெர்ட்ஸில் (அதாவது நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கும் வேகத்தில்) 1920×1200 புள்ளிகள் வரைதான் போகும்.

4கே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அல்லது அதற்கு மேற்பட்டதா என்று பாருங்கள். ஆமென்றால், ஹெச்டிஎம்ஐ 2.0 என்று எழுதியிருக்கும் ‘ஆக்டிவ்’ வகை (உள்ளே சிக்னலை மாற்றும் சிப் உள்ள) டிஸ்ப்ளேபோர்ட் டு ஹெச்டிஎம்ஐ அடாப்டர் வாங்குங்கள். சாதாரண அடாப்டரில் 4கே வந்தாலும் 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் தத்தித் தத்தி நகரும். அடாப்டரிலிருந்து டிவிக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ முத்திரையுள்ள ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும். ஒலியும் அதிலேயே போய்விடும்.

தூக்கமில்லாதவன்:
கார்டு 1.2தான். ஆக்டிவ் அடாப்டர் வாங்கினேன், சத்தம் வந்தது, 4கேயும் வந்தது. ஆனால் 30 ஹெர்ட்ஸில்தான். நீங்கள் சொன்னபடியே மவுஸ் தத்துகிறது!

சாலிடர்:
டிவியில் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ‘என்ஹான்ஸ்டு’ மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். பல டிவிகளில் அது அணைத்தே வரும். அதைப் போட்டுவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60ஐத் தேர்ந்தெடுங்கள்.

தூக்கமில்லாதவன்:
60 வந்துவிட்டது, மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இருவருக்கும் நன்றி. வால் வைத்த கேபிள் டேப்கூடப் பிரிக்காமல் சும்மா கிடக்கிறது. ஹெச்டிஎம்ஐ மடிக்கணினியும் டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரும் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.