விசுவாசமும் பரிணாமமும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கேள்விக்குறி

விலங்கியல் படித்தவள் நான். சபையில் வாலிபர் வகுப்பும் எடுக்கிறேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்காத ஆளே இல்லை. அண்மையில் நடந்ததை நான் முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள்.

வாலிபர் கூட்டத்தில் பேச வெளியிலிருந்து ஒரு பிரதர் வந்திருந்தார். திரையில் பாக்டீரியாவின் கசையிழைப் படம். நீந்துவதற்காக அது சுழற்றும் வால். அடியில் சுழலி, தாங்கி, வளைந்த இணைப்பு என்று உண்மையிலேயே மோட்டார் போலத்தான் இருக்கும். "ஒரு பாகத்தைக் கழற்றினாலும் ஓடாது. இது படிப்படியாக வந்திருக்க முடியுமா? ஆகவே குரங்குக்கும் நமக்கும் உறவு என்பது பொய்" என்றார். கூட்டம் ஆமென் சொன்னது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "பிரதர், இந்த வாதத்தை 1996-இல் புத்தகமாகப் போட்ட உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹீயே பொது மூதாதையை ஏற்றுக்கொள்கிறாரே?" பிரதர் சிரித்தார். "தம்பி இன்டர்நெட் நிறையப் பார்க்கிறார்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

பையன் சொன்னது சரி. பீஹீ மறுப்பது பொது மூதாதையை அல்ல. தற்செயல் மாற்றமும் இயற்கைத் தேர்வும் இருந்தால் போதும், எல்லாம் வந்துவிடும் என்பதைத்தான் மறுக்கிறார். இந்த வித்தியாசம் மேடையில் பேசுகிற பலருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. கூட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்து, "அக்கா, நான் கேட்டது பாவமா?" என்றான்.

பொறியாளன்

நான் அறிவார்ந்த வடிவமைப்பை ஏற்பவன். அதாவது, உயிரின் சிக்கலான அமைப்புகளுக்குப் பின்னால் திட்டமிட்ட ஓர் அறிவு இருந்தாக வேண்டும் என்பவன். அதைச் சொன்ன மறுநிமிஷம் ஆறாயிரம் வருஷக் கோஷ்டியில் தள்ளிவிடுகிறார்கள். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று கணக்குப் போட்டவர் 17-ஆம் நூற்றாண்டுப் பேராயர் அஷர், நான் இல்லை. பூமிக்கு ஏறத்தாழ 450 கோடி வயது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். டிஎன்ஏவில் இருப்பது நான்கே எழுத்து, அதை மும்மூன்றாகப் படித்துப் புரதம் கட்டுகிறது செல் என்று தெரிந்துகொண்ட அன்று, பக்கத்து மேசைக்காரரிடம் "எழுதியவன் இல்லாமல் நிரல் உண்டா?" என்று கேட்டேன். அவர் பதிலுக்கு ஒரு வாதமும் வைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பாஸ்டர்'. "பாஸ்டர், ஜெபம் பண்ணிட்டு மெர்ஜ் பண்ணுங்க" என்று குழு அரட்டையிலேயே போடுவார்.

சபையில் நேரெதிர். பூமிக்கு வயது அதிகம் என்றதற்கு ஒரு மூப்பர், "நீங்க பின்வாங்கிப் போறீங்க" என்றார். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் நான்.

கரும்பலகை

பொறியாளன் சார், கேலி செய்தது தப்புதான். ஆனால் அவர் வாதம் வைக்கவில்லை என்பதால் வாதமே இல்லை என்று ஆகிவிடாது.

நான் உயிரியல் ஆசிரியர். ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் பாடுகிறவன். ஒரு நாள் ஒரு மாணவியின் அப்பா வந்தார். கையில் பாடநூல். பரிணாமப் பாடம் முழுக்கப் பேனாவால் குறுக்குக் கோடு. "இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுங்க சார், வேற ஒண்ணும் கேக்கல" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் டோவரில் 2004-இல் பள்ளி நிர்வாகக் குழு இதைத்தான் செய்யப் பார்த்தது. டார்வின் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, வேறு விளக்கமாக அறிவார்ந்த வடிவமைப்பு உண்டு, அதற்கு இன்ன நூல் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் ஓர் அறிக்கை வாசிக்க உத்தரவு. உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர் 11 பேர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்காகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். எதிர்த்தரப்பில் சாட்சி சொன்ன பீஹீயும் கத்தோலிக்கர். ஆத்திகன், நாத்திகன் சண்டை என்று இதைப் பார்க்கிறவர்கள் இங்கேயே கவிழ்ந்துவிடுவார்கள்.

அந்த மாற்று நூலின் பழைய வரைவுகளும் நீதிமன்றத்துக்கு வந்தன. படைப்புவாதத்தைக் கற்பிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம் செல்லாது என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய வரைவில் 'படைப்பு' என்று இருந்த இடங்களில் பிந்தைய வரைவில் 'வடிவமைப்பு'. வரையறை கிட்டத்தட்ட அதே வரையறை. 2005 டிசம்பர் 20 அன்று வந்த தீர்ப்பு 139 பக்கம். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸை நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். இடதுசாரி நீதிபதியின் வேலை என்றும் தள்ளிவிட முடியாது.

அந்த அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. குரோமோசோம் படத்தை விரித்து வைத்தேன். சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. பொது மூதாதை உண்டென்றால் ஒரு ஜோடி எங்கே போனது? மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது விடை. குரோமோசோமின் முனைகளில் வரவேண்டிய வரிசை, இதில் நடுவிலும் இருக்கிறது, முனையோடு முனை முட்டிக்கொண்டு. சென்ட்ரோமியர் என்பது குரோமோசோமின் இடுப்பு மாதிரி, ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும். இதில் வேலை செய்யாத இன்னொரு சென்ட்ரோமியரின் சுவடும் இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றானதன் தடயம். பக்கத்தில் சிம்பன்சியின் இரண்டையும் வைத்தேன். மனுஷன் பட்டை பட்டையாக விரலை வைத்துப் பொருத்திப் பார்த்தார், அவசரமே இல்லாமல். கடைசியில், "அப்போ ஆதாம்?" என்றார்.

"அதை நீங்கள் பாஸ்டரிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

"அவர்தான் சார் உங்ககிட்ட அனுப்பினார்."

பங்குப்பிள்ளை

எங்கள் கத்தோலிக்கப் பக்கம் இந்தச் சண்டை குறைவு. மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம நோக்கில் ஆராயத் தடையில்லை என்று 1950-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிவிட்டார். பரிணாமம் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் சொன்னார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட லெமேத்ர் ஒரு குருவானவர்.

ஆனாலும் அந்த அப்பாவின் கேள்வி எங்களுக்கும் உண்டு. மனிதர் அனைவரும் ஒரே ஆதாமின் வழி வந்தவர்கள் என்பதை எளிதில் விட்டுவிட முடியாது என்று அதே 1950 மடலில் பயஸ் எழுதியிருக்கிறார். மரபணுவியலோ நம் மூதாதையர் ஆயிரக்கணக்கில் இருந்த ஒரு கூட்டம் என்கிறது. எங்கள் ஃபாதரிடம் கேட்டேன். "ஆதாமிடமிருந்து எல்லோருக்கும் வரும் ஜென்மப் பாவத்தைப் பற்றி நானே இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். சமாளிக்காமல் சொன்னாரே, அதனால்தான் அவரிடம் அடுத்த கேள்வியையும் கொண்டு போகிறேன்.

வெளியேறியவன்

நான் இப்போது விசுவாசி இல்லை. விதண்டாவாதத்துக்கு வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பாஸ்டர் அடிக்கடி சொல்வது: "ஆதியாகமம் முதல் அதிகாரம் எழுத்துக்கு எழுத்து உண்மை இல்லையென்றால் சிலுவையும் உண்மை இல்லை." அதை அப்படியே நம்பி வளர்ந்தேன். கல்லூரியில் வைட்டமின் சி பற்றி ஒரு வகுப்பு. பெரும்பாலான பாலூட்டிகள் அதை உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு முடியாது. ஆனால் அதற்கான மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் பழுதுதான். புதிதாக வடிவமைத்த உடலில் பழுதான பாகம் எதற்கு? முதல் அதிகாரம் போயிற்று. அவர் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி மிச்சமும் போயிற்று. ஒன்றை எடு, ஒன்றை விடு என்று நிபந்தனை போட்டவர் டார்வின் இல்லை.

பிறகுதான் ஏசா கிரேயைப் பற்றிப் படித்தேன். ஹார்வர்டு தாவரவியலாளர், உறுதியான கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடியவர். கம்பளிப்புழுவை உயிரோடு உள்ளிருந்தே தின்னும் குளவிகளை அன்பான கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என 1860-இல் டார்வின் கடிதம் எழுதியது இவருக்குத்தான். படித்தும் கிரே விசுவாசத்தை விடவில்லை. இப்படி ஒரு ஆள் இருந்தார் என்று எனக்கு அந்த வயதில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் குளவி என்னை விட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பொறியாளன்

கரும்பலகை சார், இரண்டாம் குரோமோசோமில் எனக்கு வழக்கே இல்லை, பீஹீக்கும் இல்லை. என் கேள்வி கசையிழைதான். மில்லர் அதற்குப் பதிலாகக் காட்டுவது, பிளேக் கிருமி நம் செல்லுக்குள் புரதம் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பு. அந்த ஊசியே கசையிழையிலிருந்து பின்னால் வந்தது என்று உயிரியலாளர்களே எழுதுகிறார்களே? பேரனைக் காட்டித் தாத்தா வந்த வழியைச் சொல்ல முடியுமா?

கரும்பலகை

நல்ல கேள்வி. ஆனால் ஊசிதான் மூதாதை என்று மில்லர் நிறுவத் தேவையில்லை. ஒரு பாகம் போனாலும் மொத்தமும் வீண் என்பது பீஹீயின் வாதம். அதற்கு அவர் சொன்ன உதாரணம் எலிப்பொறி. ஊசியில் கசையிழையின் பாகங்களில் ஒரு பகுதிக்கு ஒப்பானவை மட்டுமே உண்டு. அது நீந்தாது, ஆனால் வேறொரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மில்லர் இதைக் காட்டத்தான் எலிப்பொறியில் சில பாகங்களைக் கழற்றிவிட்டு மிச்சத்தை டை கிளிப்பாக மாட்டிக்கொண்டு வருவார்.

கசையிழை வந்த வழியில் ஒவ்வொரு படியும் இன்னும் துலங்கவில்லை. மறைக்கவில்லை. ஆனால் துலங்காத இடத்தில் ஆண்டவரைக் கொண்டுபோய் நிறுத்தினால், நாளைக்குத் துலங்கும்போது அவரை எங்கே நகர்த்துவது? விசுவாசியாக எனக்கு இதில்தான் சங்கடம், ஆசிரியராக அல்ல.

பொறியாளன்

நான் ஓட்டையில் நிறுத்தவில்லை சார், மரபணு மொழியிலேயே பார்க்கிறேன். சரி, டோவர் சாட்சியங்களை முழுசாகப் படித்துவிட்டு வருகிறேன். தன் வரையறைப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகத் தேறும் என்று பீஹீ குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டதை மட்டும் யாரும் கிளப்ப வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து என் மானிட்டரிலேயே ஒட்டிவைத்திருக்கிறார்.