25 லட்சம் வரும் வீட்டுக்கு வரியே இல்லையாம். யார் வீட்டுக்கு?

ஒற்றைச்சம்பளம்:
நேற்று வீட்டுக்கடன் இழையில் மாலைஷிஃப்ட் என்பவர் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "வருடம் 25 லட்சம் வரும் குடும்பத்துக்கே இப்போது வருமான வரி கிடையாது. இதற்கு மேல் நடுத்தர வர்க்கத்துக்கு என்னதான் வேண்டும்?" அதற்கு ஒரு கூட்டமே விருப்பம் போட்டிருக்கிறது. அங்கே பேசினால் இழை திசை மாறும் என்பதால் தனியாகத் திறக்கிறேன்.

என் வீட்டுக்கும் 25.5 லட்சம்தான் வருகிறது. ஒரே சம்பளம், என்னுடையது. சம்பளக்காரர் எல்லோருக்கும் கழிக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போக 24.75 லட்சம். புதிய வரி முறையின் 2025 பட்ஜெட் அடுக்குப்படி 24 லட்சம் வரைக்கும் வரி 3 லட்சம். மிச்சமுள்ள 75,000க்கு 30 சதவீதம், 22,500. அதன் மேல் 4 சதவீதம் செஸ், அதாவது வரித்தொகையின் மீது போடும் கூடுதல் தொகை. மொத்தம் 3,35,400. அதே 25.5 லட்சத்தைக் கணவன் 12.75, மனைவி 12.75 என்று வாங்கினால் வரி பூஜ்ஜியம்.

எதிர் வீட்டுக்கும் எனக்கும் ஒரே வாடகை, பிள்ளைகளுக்கு ஒரே பள்ளி. அவர்கள் பூஜ்ஜியம், நான் 3,35,400. யாராவது நியாயம் சொல்லுங்கள்.

மாலைஷிஃப்ட்:
என் பெயரில் ஒரு இழையா, மகிழ்ச்சி.

அந்த இரண்டாவது 12.75 லட்சம் சும்மா வரவில்லை சார். மதியம் கிளம்பினால் நான் வீடு திரும்ப நடுராத்திரி ஆகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா, சமையலுக்கு இன்னொருவர், எனக்குத் தனியாகப் போக்குவரத்துச் செலவு. இதில் எதையும் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. உங்கள் வீட்டில் இத்தனை வேலையையும் ஒருவர் சம்பளம் இல்லாமல் செய்கிறார். அந்த உழைப்புக்கு வரி போட்டார்களா உங்களுக்கு?

ஒற்றைச்சம்பளம்:
கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. என் மனைவி வேலையை விட்டது பொழுதுபோக்குக்காக அல்ல, படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள. அதற்கு அரசாங்கம் எனக்குக் கொடுத்த பரிசு 3,35,400.

கணக்குப்பிள்ளை:
தொழில்முறையில் வரிக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் சில விஷயங்கள்.

அந்த 12.75இல் 75,000 போக நிற்கும் 12 லட்சம் என்பது விலக்கு வரம்பே அல்ல. விலக்கு 4 லட்சம்தான். அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம் என்று 60,000 வரி வரும். வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு அந்த 60,000ஐத் தள்ளுபடி செய்கிறது. 12 லட்சத்தை 10,000 ரூபாய் தாண்டினால் அந்த 10,000மும் செஸ்ஸும்தான் போகும், முழு வரி விழாது. பங்கு விற்ற லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி செல்லாது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

நம் சட்டத்தில் வரி கட்டும் அலகு தனிநபர். அமெரிக்காவில் தம்பதி சேர்ந்து படிவம் தாக்கல் செய்யலாம். ஜெர்மனியில் இருவர் வருமானத்தையும் கூட்டி, பாதிக்கு வரி கணக்கிட்டு, அதை இரட்டிப்பார்கள். இங்கும் விரும்புகிறவர்களுக்கு அப்படி ஒரு வழி வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் கழகம் பரிந்துரை கொடுத்திருக்கிறது, இன்னும் சட்டமாகவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'வீட்டு வருமானம்' என்று எதைச் சொல்கிறோம்? வாடகை சேருமா? நிறுவனம் போடும் பி.எஃப் பங்கு? கூடவே இருக்கும் அப்பாவின் ஓய்வூதியம்? இதைத் தீர்மானிக்காமல் ஒப்பிட்டால்...

ஒற்றைச்சம்பளம்:
அதெல்லாம் அப்புறம். நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஜெர்மனியில் உண்டு, அமெரிக்காவில் உண்டு. இங்கே மட்டும் 3,35,400.

மாலைஷிஃப்ட்:
ஜெர்மனியிலேயே அந்த முறை மனைவிகளை வீட்டில் உட்கார வைக்கிறது என்று பல வருடமாகச் சண்டை நடக்கிறது. அதைச் சொல்ல மாட்டீர்களே?

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே உங்கள் மனைவி 8 லட்சம் சம்பளத்தில் சேர்ந்தால் இப்போதைய முறையில் அவருக்கு வரி பூஜ்ஜியம். கூட்டு வரி வந்தால், அடுக்குகளை அப்படியே இரட்டிப்பாக்கினாலும், உங்கள் சம்பளம் கீழ் அடுக்குகளை நிரப்பிவிடும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக, அவர் சம்பாதிக்கும் முதல் ரூபாயிலிருந்தே 15 சதவீதம் போகும். உங்களுக்கு வரி குறைய அவர் முதல் ரூபாயிலிருந்து கட்ட வேண்டுமா?

ஒற்றைச்சம்பளம்:
என் மனைவியை எதற்கு இழுக்கிறீர்கள்?

மாலைஷிஃப்ட்:
முதலில் இழுத்தது யார் என்று மேலே போய்ப் பாருங்கள்.

விருதுநகர்_மொத்தம்:
சம்பளக்காரர்கள் ஒப்பாரிக்கு ஒரு அளவே இல்லை. மாதம் பிறந்தால் கணக்கில் காசு விழுகிறது. கடை வைத்துப் பாருங்கள், கடன் கொடுத்த இடத்தில் நடையாய் நடந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். அது போகட்டும், உங்கள் வரி 3,22,500. மிச்சம் செஸ். கணக்கையாவது சரியாகப் போடுங்கள்.

ஒற்றைச்சம்பளம்:
வாருங்கள் அண்ணாச்சி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். வருடம் 1.5 கோடி வியாபாரம், பணமெல்லாம் வங்கி வழியாகவோ கியூஆர் வழியாகவோ வருகிறது என்றால் அதில் 6 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும். 9 லட்சம். வரி பூஜ்ஜியம். கணக்குப் புத்தகம் கூட வேண்டாம். உண்மையில் மிஞ்சியது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? என் சம்பளத்தில் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள்.

விருதுநகர்_மொத்தம்:
பருப்பு மொத்த வியாபாரத்தில் 6 சதவீதம் நிற்கிறதா? இந்தப் பக்கம் வந்து யாரையாவது கேளுங்கள். நஷ்டம் வந்த வருடமும் 6 சதவீதம் காட்டித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் கணக்கு எழுதி, தணிக்கை செய்து, அதற்கும் செலவழிக்க வேண்டும். போன பட்ஜெட் இழையிலும் இதே ஆள்தான் "வியாபாரி எல்லாம் ஏய்ப்பவன்" என்று எழுதினார். நான் மறக்கவில்லை.

3,22,500.

வடசென்னை_வாசகன்:
ஒரு மணி நேரமாக வாசிக்கிறேன். ஒருவர் கூட 25 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை.

3,35,400ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 27,950. 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் இந்திய நகரங்களில் ஒரு ஆளுக்கு மாதம் சராசரி 6,996 ரூபாய். 4 பேர் வீட்டுக்கு 27,984. அதாவது ஒற்றைச்சம்பளம் அண்ணன் வரியாகக் கட்டி அழுகிற தொகையில்தான் நகரத்தில் ஒரு சராசரி வீடு மாதம் முழுக்கச் சாப்பிட்டு, உடுத்தி, பள்ளிக்கு அனுப்பி, மருந்தும் வாங்குகிறது. வரி போக உங்கள் கையில் நிற்பது 22 லட்சத்துக்கும் மேல். 13 சதவீதம்தான் போகிறது.

ஒற்றைச்சம்பளம்:
ஏழைகளிடம் வாங்கு என்று நான் எங்காவது எழுதினேனா? இதையும் கேளுங்கள். 2022-23இல் படிவம் தாக்கல் செய்தவர்கள் 7.40 கோடி. அதில் 5.16 கோடி பேருக்கு வரி பூஜ்ஜியம். மிச்சம் 2.24 கோடி. 140 கோடி பேர் உள்ள நாட்டை இந்த 2 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் சுமக்கிறோம். 2019இல் நிறுவனங்களுக்கு வரியை 30இலிருந்து 22 ஆக்கினார்கள். இப்போது நிறுவன வரியைவிடத் தனிநபர் வருமான வரிதான் அதிகம் வருகிறது. சுமக்கிறவன் வாய் திறந்தால் மட்டும் பேராசைக்காரன்.

வடசென்னை_வாசகன்:
140 கோடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்து வகுத்தால் 2 என்ன, எதுவும் வரும். வீட்டுக் கணக்கு வேண்டும் என்று இழை திறந்ததே நீங்கள்தான், இங்கே மட்டும் தலைக்கணக்கா? 2011 கணக்கெடுப்பிலேயே இந்தியாவில் கிட்டத்தட்ட 25 கோடி வீடுகள். அதால் வகுத்துப் பாருங்கள்.

மாதம் 25,000 சம்பாதித்தாலே இந்தியாவில் சம்பாதிப்பவர்களில் மேல் 10 சதவீதத்தில் சேர்ந்துவிடலாம் என்று பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காகத் தயாரித்த 2022 அறிக்கை சொன்னது. அந்த 25,000காரரிடம் வாங்க வருமான வரி எங்கிருந்து வரும்? ஆனால் அவர் போன் ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம், எண்ணெய் வாங்கினால் 5, பெட்ரோல் போட்டால் கலால் வரியும் வாட் வரியும். சோப்புக்கும் பற்பசைக்கும் 18ஐ 5 ஆக்கியதே 2025 செப்டம்பரில்தான். யார் யாரைச் சுமக்கிறார்கள்?

ஒற்றைச்சம்பளம்:
அந்த ரீசார்ஜை நானும் செய்கிறேன். அந்த பெட்ரோலை நானும் போடுகிறேன். அதற்கு மேல்தான் 3,35,400. உங்களுக்கு ஒரு வரி, எனக்கு இரண்டு வரி. அப்புறம், தோப்பு வைத்து 50 லட்சம் எடுப்பவருக்கு ஒரு பைசா இல்லை, அவரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பொள்ளாச்சிக்காரன்:
எங்கேயோ வரி கட்டினால் எங்கள் தோப்பில்தான் கை வைப்பீர்கள். தோப்பில் 50 லட்சம் எடுப்பவரை எனக்கும் காட்டுங்கள், பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கருத்தது. வேர் வாடல் நோய் வந்து காய்க்கிற மரத்தை வெட்டிச் சாய்க்கிறோம். அந்த வருடம் உங்கள் சம்பளத்தில் பாதி குறைந்ததா? விவசாய வருமானத்துக்கு ஒன்றிய அரசு வரி போட முடியாது, மாநிலம்தான் போடலாம் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. என்னிடம் ஏன் சண்டைக்கு வருகிறீர்கள்?

தேங்காய் விலை ஏறியபோது "விவசாயி கொள்ளை அடிக்கிறான்" என்று எழுதியவரும் இவர்தானே?

கணக்குப்பிள்ளை:
பொதுவாகச் சரி. ஆனால் சம்பளமும் தோப்பும் சேர்ந்து உள்ளவருக்கு விகிதம் பார்ப்பதற்காக விவசாய வருமானத்தைக் கூட்டிக்கொள்வார்கள். தேயிலை வளர்த்துத் தூளாக்கி விற்பவருக்கு 40 சதவீதம் வணிக வருமானம், அதற்கு வரி உண்டு. இதெல்லாம்...

பொள்ளாச்சிக்காரன்:
நான் தேயிலை போடவில்லை.

ஒற்றைச்சம்பளம்:
கணக்குப்பிள்ளை சார், இத்தனை தெரிந்தவர் ஒரு வழி சொல்லுங்கள். மனைவி பெயரில் பணம் போட்டால்?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். இந்துக் கூட்டுக் குடும்பம் என்று தனியாகக் கணக்கு வைத்தாலும் உங்கள் சம்பளத்தை அதில் தள்ள முடியாது, 87ஏ தள்ளுபடியும் அதற்குக் கிடையாது. சேமிப்பு, வீட்டுக்கடன் போன்றவற்றுக்குக் கழிவு தரும் பழைய வரி முறைக்குப் போனால் உங்கள் சம்பளத்துக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தவிர 8 லட்சத்துக்கு மேல் கழிவு காட்டினால்தான் புதியதைவிடக் குறையும். இருக்கிறதா?

ஒற்றைச்சம்பளம்:
8 லட்சம் கழிவு காட்டுகிற அளவுக்குக் கையில் மிஞ்சினால் நான் ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்? எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, எதிர் வீட்டுக்கு மட்டும் பூஜ்ஜியம்.

மாலைஷிஃப்ட்:
அந்த எதிர் வீடு யார் சார், பாவம்? அவர்களுக்கு நீங்கள் இப்படி வயிறெரிவது தெரியுமா? 12.75ஐ யாராவது ஒருவர் தாண்டியவுடன் அவர்களுக்கும் வரி தொடங்கிவிடும். எங்களுக்கு அடுத்த இன்கிரிமென்ட் வந்தால் நாங்களும் உங்கள் கட்சிதான், ஆனால் உங்களோடு சேர்ந்து உட்கார மாட்டேன்.

ஒற்றைச்சம்பளம்:
வயிற்றெரிச்சல் என்று சொன்னால் கணக்கு மாறிவிடாது. 25.5 லட்சம் இங்கே, 25.5 லட்சம் அங்கே. 3,35,400 இங்கே, பூஜ்ஜியம் அங்கே. இத்தனை பேர் பேசினீர்கள், இதைத் தவறு என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

விருதுநகர்_மொத்தம்:
நான் சொன்னேனே. 3,22,500. செஸ் வரி ஆகாது.

வடசென்னை_வாசகன்:
செஸ்ஸும் வரிதான், ஆனால் அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. இருப்பதிலேயே உருப்படியான பேச்சு அதுதான், அதைப் பற்றிப் பேசலாமே?

ஒற்றைச்சம்பளம்:
மாநிலப் பங்குக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். அண்ணாச்சி, அந்த 12,900 ரூபாய் உங்கள் கல்லாவிலிருந்தா போகிறது? என் சம்பளத்திலிருந்து போனால் எனக்கு அது வரிதான். பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்றான ஃபாரம் 16ஐப் படம் எடுத்துப் போடட்டுமா?

கணக்குப்பிள்ளை:
போடாதீர்கள், பான் எண் இருக்கும்.

விருதுநகர்_மொத்தம்:
போடுங்கள், பார்ப்போம். செஸ் தனி வரிசையில்தான் இருக்கும்.

ஒற்றைச்சம்பளம்:
நீங்கள் முதலில் உங்கள் உண்மையான லாபத்தைப் போடுங்கள்.