புதுப்பிப்பு: சாப்பாட்டைக் கூட்டியதும் ஏறிய எடை

சாப்பாட்டைக் கூட்டி, பளு தூக்கவும் ஆரம்பித்ததும் எடை ஏறுகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது ஏற்றம் நின்றுவிட்டது. இடுப்பளவு கூடவில்லை; கோலாலம்பூரின் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடும்போது முன்புபோல் மூச்சு வாங்குவதும் இல்லை.

ஏறியதில் பெரும்பகுதி நீர் என்றே நினைக்கிறேன். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கும். புதுப் பயிற்சியில் வலிக்கும் தசையிலும் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் உப்பு: இரவு மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிட்டால் மறுநாள் எடை கூடித்தான் காட்டும். 1 கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரே ராத்திரியில் அது நடக்காது.

சோற்றைக் குறைக்கச் சொன்ன அக்காமார்களே, குறைக்கப் போவதில்லை. காலையில் பசியாறும் முன் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் குறிக்கிறேன். மாதவிடாய்க்கு முன் வரும் ஏற்றத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுகிறேன்.