வருஷ அட்டவணை: ரெஸ்லிங் பெரிய ஷோ எல்லாம் எந்த மாசம், நம்ம நேரத்துக்கு எப்போ?

மார்த்தாண்டம்_ரிங்சைடு:
மக்களே, எங்க ஏரியா பயலுகளுக்கு டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் ஷோக்களுக்கு ஒரு வருஷ அட்டவணை தயார் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணணும். பாதிப் பேரு விடியுமுன்ன ரப்பர் வெட்டப் போறவங்க, மீதிப் பேருக்கு ஞாயிறு காலைல கோயில். அதனால முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் நேரம் ஒதுக்க முடியும். போஸ்டர்ல உள்ள அமெரிக்கத் தேதியை அப்படியே போட்டா பிசகுது. சனின்னு பார்த்துட்டு சனிக்கிழமை காலைல திறந்தா வாராவாரம் வர்ற ஸ்மாக்டவுன்தான் ஓடுது. எந்த ஷோ வருஷாவருஷம் நிலையா வரும், எது இடம் மாறும், நேரத்தை எப்படிக் கணக்குப் போடணும்?

கோட்டாறு_30வது_என்ட்ரி:
மாசத்துக்கு ஒண்ணுன்னு பன்னிரண்டு கட்டம் போடாதீங்க. சில மாசம் ரெண்டு வரும், சில மாசம் ஒண்ணுமே இருக்காது. முதல்ல நாலை எழுதுங்க. ராயல் ரம்பிள் ஜனவரிக் கடைசி, இல்லன்னா பிப்ரவரித் தொடக்கம். ரெசில்மேனியா பெரும்பாலும் ஏப்ரல். சம்மர்ஸ்லாம் ஆகஸ்ட். சர்வைவர் சீரிஸ் நவம்பர் கடைசி. ரெசில்மேனியா 1985ல, சர்வைவர் சீரிஸ் 1987ல, மத்த ரெண்டும் 1988ல ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட இந்த நாலும் விட்டுப்போனதில்ல.

கதை ஓடுறதும் இந்த நாலைச் சுத்தித்தான். ரம்பிள்ல 30 பேர்ல கடைசியா நிக்கிறவருக்கு ரெசில்மேனியால சாம்பியன்ஷிப் மேட்ச். நடுவுல வர்ற எலிமினேஷன் சேம்பர்ல பெரும்பாலும் இன்னொரு சாம்பியனுக்கு எதிராளி கிடைப்பார். அதனால நேரமே இல்லாதவன்கூட ரம்பிளை விடக்கூடாது. அதை விட்டா ஏப்ரல் வரைக்கும் யார் எதுக்கு மோதுறான்னே பிடிபடாது.

மணி இன் த பேங்க், நைட் ஆஃப் சாம்பியன்ஸ், கிரவுன் ஜுவல், பேக்லாஷ் இதெல்லாம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். கிரவுன் ஜுவலைப் பாருங்க: 2024ல நவம்பர் 2, ரியாத். 2025ல அக்டோபர் 11, ஆஸ்திரேலியாவில பெர்த். அதனால இதுக்கு நேரா "உத்தேசம்"னு போட்டு வைங்க. ஊரும் அரங்கமும் அறிவிச்ச பிறகு உறுதிப்படுத்தினாப் போதும்.

குளச்சல்_டாப்ரோப்:
அட்டவணைல ஷோ பேருக்குப் பக்கத்துல ஊர் பேரும் கட்டாயம் இருக்கணும். நேரத்தைத் தீர்மானிக்கிறது ஊருதான்.

அமெரிக்க ஷோன்னா கிழக்கு நேரத்தை எடுத்துக்கங்க. மார்ச் இரண்டாம் ஞாயிறுலேர்ந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் அதோட ஒம்பதரை மணி நேரம் கூட்டணும். மத்த மாசத்துல பத்தரை. ரெசில்மேனியா 41 அங்க 2025 ஏப்ரல் 19 சனி ராத்திரி 7 மணி. நமக்கு 20ஆம் தேதி ஞாயிறு காலை 4:30. அன்னைக்குத்தான் ஈஸ்டர். விடியற்கால ஆராதனையும் முதல் மேட்சும் ஒரே நேரம். ரெசில்மேனியா 2020லேர்ந்து ரெண்டு நாள் ஷோ, ரெண்டாம் நாள் நமக்குத் திங்கள் காலைல வரும். அதையும் தனி வரியாப் போடுங்க. சம்மர்ஸ்லாமும் 2025லேர்ந்து ரெண்டு நாள்தான்.

அடிக்கடி தப்பு வர்ற இடம் ஒண்ணு இருக்கு. லாஸ் வேகஸ், சான் டியேகோ மாதிரி மேற்குப் பக்க ஊருன்னா போஸ்டர்ல ரெண்டு நேரம் போட்டிருக்கும். மாலை 4ன்னு உள்ளது மேற்கு நேரம், 7ன்னு உள்ளது கிழக்கு நேரம். நாலோட ஒம்பதரையைக் கூட்டினா மூணு மணி நேரம் முன்னாடியே எழுந்து உட்கார்ந்திருக்கணும்.

வெளிநாட்டு ஷோன்னா கணக்கே வேற. ரியாத்துல ராத்திரி 8ன்னா நமக்கு 10:30. பாரிஸ்ல கோடைகாலத்துல ராத்திரி 8ன்னா நமக்கு 11:30. பெர்த் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அங்க ராத்திரி 8ன்னா இங்க சாயங்காலம் 5:30தான். ரப்பர் வெட்டுக்குப் போறவங்களுக்கு இந்த மாதிரி ஷோதான் தோது. இதுகளை வேற நிறத்துல காட்டுங்க.

மார்த்தாண்டம்_ரிங்சைடு:
ரொம்ப நன்றிண்ணே. சர்வைவர் சீரிஸ் கோட்டாறு சவேரியார் திருவிழா சமயத்துல வருமே? அப்புறம் லைவா பார்க்க முடியாதவன் என்ன செய்யணும்?

தக்கலை_ஸ்டீல்கேஜ்:
ஆமா, ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். திருவிழா நவம்பர் கடைசி வாரம் கொடியேறி டிசம்பர் 3 வரைக்கும். சர்வைவர் சீரிஸ் அமெரிக்கர்களோட தேங்க்ஸ்கிவிங் வாரக் கடைசியை ஒட்டி வரும். 2025ல நமக்கு நவம்பர் 30 ஞாயிறு காலை.

இந்தியால 2025 ஏப்ரல் 1லேர்ந்து எல்லாம் நெட்பிளிக்ஸ்தான். லைவ் ஓடிக்கிட்டிருக்கும்போதே முதல்லேர்ந்து போட்டுப் பார்க்கலாம். கோயில் முடிஞ்சு 7 மணிக்கு வந்தாலும் ஒரு மேட்ச்கூட விட வேண்டாம். ஆனா ஆப்பைத் திறக்குமுன்ன வாட்ஸ்அப்பை மியூட் பண்ணுங்க, யூடியூப் பக்கமே போகாதீங்க. முடிவு ஹைலைட்ஸ் தலைப்பிலேயே இருக்கும். குரூப்ல "மதியம் 12 வரைக்கும் ரிசல்ட் பேசக்கூடாது"ன்னு ஒரு விதியையும் அட்டவணையோட பின் பண்ணிடுங்க.

நெட்பிளிக்ஸோட மொபைல் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுந்தான், டிவில வராது. ஹெச்டி மணிக்கு 3 ஜிபி வரைக்கும் இழுக்கும். நாலு மணி நேர ஷோன்னா 12 ஜிபி. தினம் 2 ஜிபி பேக் போட்டவனுக்கு முதல் மேட்ச் தாண்டினதும் தீர்ந்துடும். அவங்க படத்தரத்தைக் குறைச்சு வைக்கணும், இல்லன்னா வைஃபை உள்ள வீட்டுக்குப் போகணும்.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழைக்காலமும் உண்டு. ஜூன் ஷோவுக்கும் அக்டோபர், நவம்பர் ஷோவுக்கும் கரண்ட் போக வாய்ப்பு அதிகம். டிவிக்கு இன்வெர்ட்டர் இருந்தும் ரூட்டர் வேற பிளக்ல இருந்தா நெட் செத்துடும். ரூட்டருக்குன்னே சின்ன யுபிஎஸ் கிடைக்கும். அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு பார்த்து அதுக்குச் சரியா வாங்குங்க. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் வேணும்.

மன்றத்துல திரை கட்டி ஊருக்கே போட்டுக் காட்டணும்னு யாராவது கேட்டா வேண்டாம்னு சொல்லிடுங்க. அந்தக் கணக்கு வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான்.

நாரோயில்_சூப்லெக்ஸ்:
டபிள்யூடபிள்யூஇயோட நிறுத்திடாதீங்க மக்கா. ஜனவரி 4 ஜப்பான்ல, நியூ ஜப்பான்ங்கிற ரெஸ்லிங் கம்பெனியோட டோக்கியோ டோம் ஷோ. 1992லேர்ந்து வருஷாவருஷம் அதே தேதி, அதனால "உத்தேசம்"னு போட வேண்டிய அவசியமே இல்ல. ஜப்பான் நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி. அங்க சாயங்காலம் 5 மணின்னா இங்க மதியம் 1:30, யாரும் தூக்கம் கெட வேண்டாம். ஏஇடபிள்யூங்கிற இன்னொரு அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியோட டபுள் ஆர் நத்திங் ஷோ மே கடைசில வரும். அது பெரும்பாலும் அங்க ஞாயிறு ராத்திரி, நமக்குத் திங்கள் காலைக் கணக்குல எழுதுங்க. அதே கம்பெனியோட ஆல் இன் ஷோ மட்டும் ஊரும் மாசமும் மாறும்: 2023ல ஆகஸ்ட், லண்டன் வெம்ப்ளி. 2025ல ஜூலை, டெக்சஸ்.